மழை செய்த வேலை

முதலில் முகர்ந்து பார்ப்பார். சைக்கிளானாலும் சரி, தையல் மிஷினானாலும் சரி, சாவி கொடுத்தும் பாடாத கிராமபோன் பெட்டியானாலும் சரி, நசுருல்லா சாயபு கையால் தொடுவதற்கு முன் மூக்கால் ஒரு விசாரணை நடத்திவிடுவார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு இழுப்பார். பிறகு "ம்" என்பார். அந்த ஒரு "ம்" வந்ததும் நம்முடைய குட்டு வெளிப்பட்டுவிட்டதோ என்று இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்வோம்.

அடுத்தது மூன்று கேள்விகள். "கடைசியா எப்ப ஓடுச்சுங்க?" என்பது முதலாவது. "நல்லா ஓடிக்கிட்டு இருந்து நின்னுச்சா, நோவோட நின்னுச்சா?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். "அப்பறம் யாராச்சும் தொட்டீங்களா?" எதிராளி சங்கோசமில்லாமல் பொய் சொல்லட்டும் என்பதற்காகத்தான் அந்த வானம் பார்க்கிற வேலை என்பது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

இராசிபுரம் கடைவீதியின் கிழக்குக் கோடியில், நாமகிரிப்பேட்டை ரஸ்தா தொடங்குகிற இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. சேலத்தில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் பதினெட்டு வருஷம் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான ஆள். தலையில் எப்போதும் ஒரு தொப்பி. ஒரு காலத்தில் அது வெள்ளையாக இருந்தது என்பதற்கு அவருடைய வார்த்தை ஒன்றுதான் சாட்சி. தொழுகைக்கு வேறு தொப்பி, ஆணியில் சுத்தமாகத் தொங்கும். இந்த வேலைத் தொப்பியின் மடிப்பில்தான் கழற்றிய திருகாணிகளைப் போட்டு வைப்பார். கீழே வைத்தால் கோழி விழுங்கிவிடுகிறதாம். முக்கியமான வேலை நடக்கும்போது அவர் தலையை ஆட்டினால் சலங்கைச் சத்தம் கேட்கும்.

கொட்டகையின் நெற்றியில் ஒரு போர்டு. 'மோட்டார் சைக்கிள் ரிப்பேர்' என்று எழுதியிருக்கும். இதில் 'சைக்கிள் ரிப்பேர்' என்பது ஊரிலுள்ள நாற்பது சொச்சம் சைக்கிள்களை நம்பி எழுதியது. முன்னால் இருக்கிற 'மோட்டார்' முழுக்க முழுக்கச் சென்னியப்பக் கவுண்டர் ஒருவருடைய வண்டியை நம்பி எழுதியது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு மோட்டார் சைக்கிள் கிடையாது. கவுண்டர் வண்டியை விற்றுவிட்டால் சாயபு ஒரு துணியை எடுத்து அந்த முதல் வார்த்தையை அழித்துவிட்டு, வெறும் பங்க்சர் ஒட்டுகிறவராகிவிட வேண்டியதுதான்.

குற்றம் கண்டுபிடிப்பது அவருடைய தொழில். ஆனால் குற்றவாளி யார் என்பதை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் எங்கள் பக்கத்துக் கரிசல் வண்டித்தடமெல்லாம் பாயசமாகிவிடும். தை பிறக்கும் வரை சைக்கிள்களை விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். தையில் இறக்கினால் ஒன்றும் ஓடாது. ஒருவர் துரு ஏறாமலிருக்கப் புண்ணாக்கைக் கரைத்துப் பூசியிருப்பார். இன்னொருவர் தொங்கவிடாமல் திண்ணையில் நிறுத்தி, ஸீட்டின் மேல் விதை நெல் மூட்டையை அடுக்கியிருப்பார். எல்லோருக்கும் சாயபு சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "மழை செஞ்ச வேலைங்க." கேட்டவர் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போவார்.

நான் இங்கே போர்டு ஸ்கூலில் வாத்தியார். படித்தவன் என்ற திமிரில் என் சைக்கிள் செயினுக்கு விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தொங்கவிட்டிருந்தேன். மூன்று மாதத்தில் அது கோந்தாக இறுகிவிட்டது. சாயபு முகர்ந்தார். "ம்" என்றார். வானத்தைப் பார்த்தபடி மூன்றாவது கேள்வியைக் கேட்டார். யாரும் தொடவில்லை என்றேன். அரை நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவிக் கொடுத்து, "மழை செஞ்ச வேலைங்க வாத்தியாரே" என்றார். நானும் மழையை நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன். அந்த வருஷம் எங்கள் தாலுகாவில் மழையே பெய்யவில்லை.

இப்படிப்பட்ட மனுஷர் போன தை மாதம் நன்றாக மாட்டிக்கொண்டார்.

சென்னியப்பக் கவுண்டருக்கு வெண்ணந்தூர்ப் பக்கம் நல்ல பண்ணையம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அவருடையது. பக்கத்தில் ஆள் உட்காரும் பெட்டி ஒன்று கோத்திருக்கும். எங்கள் பக்கம் அதைத் 'தொட்டில்' என்பார்கள். அதில் கவுண்டரின் மனைவி பாவாயி அம்மாள் உட்கார்ந்து, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு வருகிற காட்சியைப் பார்க்கவே ஒரு கூட்டம் உண்டு.

பாவாயியின் அண்ணன் காளியண்ணக் கவுண்டர் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வியாபாரம் செய்கிறவர். அதற்கு முந்தின வருஷம் அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது, ஊர் எல்லைக்கு ஒரு மைல் இருக்கையில் இந்த வண்டி நின்றுவிட்டது. காளியண்ணன் ஒரு ஜோடிக் காளையை அனுப்பி, வண்டியையும் தொட்டிலில் இருந்த தங்கையையும் சேர்த்துக் கட்டி இழுத்து, சந்தை வழியாக ஊர்வலமாகக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு போகிற கல்யாணத்திலெல்லாம் அந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது காளியண்ணன் புது வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்திருந்தார். அழைப்புச் சொல்ல வந்தவர், மண்டியில் நாலு பேரை வைத்துக்கொண்டு, "மாப்ளெ, வண்டியிலயே வாங்க. காளைய நான் அனுப்பி உடறன்" என்றாராம். சென்னியப்பக் கவுண்டருக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வண்டி தானாக ஓடிவந்து புது வீட்டு வாசலில் நிற்கும், இல்லையென்றால் அதை மச்சானே வைத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். காளியண்ணன் கொஞ்சமும் தயங்கவில்லை. மஞ்சளுக்கு மெருகு போடுகிற பீப்பாயைச் சுற்ற ஒரு இஞ்சின் வேண்டுமென்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், வசதியாகப் போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் வண்டி, கவுண்டரின் சொந்தக் காளைகள் இழுக்க, கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மூன்று மாதம் மாட்டுக் கொட்டகையின் மூலையில் சாக்குப் போர்த்தி இருந்த வண்டி. நூறு உதை உதைத்துப் பார்த்துவிட்டதாகவும் கால் வீங்கிப்போய்விட்டதாகவும் கவுண்டர் சொன்னார். சாயபு முகர்ந்தார், பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. மூன்று கேள்வியும் கேட்டார். யாருமே தொடவில்லை என்று பதில் வந்தது.

பெட்ரோலை வடித்துக் கொட்டினார். புது டின்னை உடைத்து ஊற்றினார். பிளக்கைக் கழற்றிச் சுரண்டி, இஞ்சின் மேல் படுக்க வைத்து, மிதிகட்டையை உதைத்துப் பார்த்தார். நீலப் பொறி பளிச்சென்று பறந்தது. கார்புரேட்டரைப் பிரித்து, அதன் ஊசித்துளையை வாயால் ஊதினார். குப்பை, ஒட்டடை, எலிப் புழுக்கை எல்லாம் துடைத்து வண்டியைக் கண்ணாடியாக்கினார். ஒன்றை மட்டும் அவர் தொடவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுகள் வண்டி முழுவதும் இருந்தன: ஹாண்டில், சக்கரம், மிதிகட்டை, பெட்ரோல் டாங்கியின் பித்தளை மூடி. அதிலும் மூடியின் நட்டநடுவில் இருந்த பொட்டு அதிரசம் போலத் தடித்திருந்தது. துணியைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய்ப் பொட்டுகளை ஒதுக்கிவிட்டுத் துடைத்தார். நான் ஏன் என்று கேட்டதற்கு, "அவுங்க சாமிக்கு வெச்சதுங்க. நாம கை வெக்கக்கூடாது" என்றார்.

பத்தாவது உதையில் வண்டி உறுமியது. டாங்கியின் மூடியைத் திறந்து போட்டபடியே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். கடிகாரம் போல ஓடிற்று. மூடியைப் போட்டு ஒப்படைத்தார். கவுண்டர் ஏறி உட்கார்ந்து, கிழக்கே ஒரு சவாரி பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். இரண்டு பர்லாங்கில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதன் அடியில் வண்டி இருமிற்று, விக்கிற்று, நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதைத்தால் உடனே கிளம்பிவிட்டது. மறுபடி புளியமரம், மறுபடி இருமல். செவ்வாயும் புதனும் இதே கதைதான். கொட்டகையில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஓடும். மூடியைப் போட்டுக்கொண்டு புளியமரத்துக்குப் போனால் உயிரை விட்டுவிடும். மரத்தில் முனி இருப்பதாகக் கடைவீதியில் முடிவு செய்துவிட்டார்கள். அங்கே ஒரு பலகாரக் கடை போட்டிருந்தால் நல்ல வியாபாரம் நடந்திருக்கும். சாயபு மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கொட்டகை வாசலில் நின்று போர்டை நிமிர்ந்து பார்த்தபடி இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பாவாயி அம்மாள் சீர்த்தட்டோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். மறுநாள் விடியலில் புண்ணியார்ச்சனை என்பதால் அன்றைக்கே கிளம்பிப் பொழுதோடு நாமகிரிப்பேட்டை சேர்ந்தாக வேண்டும். வந்ததும் வராததுமாகக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எல்லாப் பொட்டையும் புதுப்பித்தார். மூடியின் மேல் மட்டும் இரண்டு தடவை அப்பிக் குங்குமம் வைத்தார். பிறகு தொட்டிலில் ஏறி அமர்ந்தார். சாயபு கவுண்டருக்குப் பின்னால் தொற்றிக்கொண்டார். பொங்கல் லீவில் எனக்கு வேறு வேலை இல்லாததால் பின்னாலேயே நடந்தேன். நான் புளியமரத்தை அடைந்தபோது, எதிர்பார்த்தபடியே, எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

கவுண்டர் வண்டியை விட்டு இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டார். கோபப்படுகிற மனுஷர் அல்ல. அன்று முகம் சிவந்திருந்தது. "சொல்லுங்க சாயபு. இது யாரு பண்ணுன தப்பு?" என்று கேட்டார்.

சாயபு வண்டியருகே குத்துக்காலிட்டு, முகர்ந்தார். பழக்க தோஷத்தில் பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திருகினார். சந்தைச் சத்தமோ இஞ்சின் சத்தமோ இல்லாத இடம் அது. அதனால் எனக்கே கேட்டது. மூடி நெகிழ்ந்ததும், 'உஸ்' என்று டாங்கி காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

சாயபு மூடியைக் கழற்றினார். மூடியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். நடுவில் ஊசி முனையளவு துளை. மேல் பக்கத்தில் அதே இடத்தில் தடித்த சந்தனம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, மேலே காற்று வருவதற்குச் சீமையில் வைத்து அனுப்பிய ஒரே வழி அதுதான். அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. மூன்று நாளாக வண்டியில் எல்லாவற்றையும் துடைத்து, மரியாதைக்காக அவர் துடைக்காமல் விட்ட அதே இடம்.

அதே சமயம் தொட்டிலிலிருந்து பாவாயி அம்மாள் பேசினார். "போன வருசம் காளை கட்டி இழுத்தாங்கன்னு, அண்ணன் கண்ணு படக்கூடாதுன்னு, ஆயுத பூசையிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாம பொட்டு வெச்சனுங்க சாமி. இந்த வண்டி இனி பீப்பாய் சுத்தப் போயிருமுங்களா?"

 கவுண்டரைவிட அந்த அம்மாளுக்குத்தான் வண்டியின் மேல் உயிர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயபு வழக்கப்படி வானத்தைப் பார்த்தார். தை மாத வெயில்; மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை. மழையின் மேல் போடலாமென்றால் மூடிமேல் ஈரம் காயாத புதுச் சந்தனம். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் கூனிக்குறுகிப் போவார். கவுண்டர் ஆயுள் முழுவதும் சொல்லிக் காட்டுவார். காளியண்ணனுக்குப் புதுக் கதை ஒன்று கிடைத்துவிடும். சொல்லாவிட்டால் வண்டி நாளைக் காலையில் மஞ்சள் பீப்பாய்க்குப் போய்விடும். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் விளக்கெண்ணெய் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க கவுண்டரே, வண்டிக்கு நெத்தி எதுங்க?" என்றார் சாயபு.

கவுண்டர் முழித்தார். முன் விளக்கைக் காட்டினார்.

"அது கண்ணுங்க. கண்ணுல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?" என்று பாவாயி அம்மாள் குறுக்கிட்டு, சாயபு கையிலிருந்த மூடியைக் காட்டினார். "நடுவால, உருண்டையா, மொழுமொழுன்னு இருக்குது பாருங்க, அதுதான் நெத்தி."

"ஆத்தா சொல்றதுல பாதி சரிங்க. விளக்கு கண்ணுதான். கண்ணுக்கு மேல இருக்கறதுதானுங்க நெத்தி?" சாயபு முன் விளக்குக்கு மேலே ஹாண்டிலின் நடுக்கட்டையைத் தட்டிக் காட்டினார். பிறகு மூடியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இது மூக்குங்க ஆத்தா. வண்டி மூச்சு உடற எடம். பாருங்க, குத்தியிருக்குது."

பாவாயி அம்மாள் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளையைப் பார்த்தார். தன் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார்.  அவர் தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சாயபுவிடம் கொடுத்தார். சாயபு துளையில் விட்டுத் திருகினார். உள்ளேயிருந்து பழைய சந்தனம் குச்சி போல வந்து விழுந்தது. வாயை வைத்து ஊதினார், சீட்டியடித்தது.

"ஐப்பசி மழையில பொட்டு கரைஞ்சு உள்ள எறங்கியிருக்குதுங்க" என்று கவுண்டரைப் பார்த்துச் சொன்னார். மாட்டுக் கொட்டகைக்குள் சாக்குப் போர்த்திக் கிடந்த வண்டிமேல் மழை எப்படிப் பெய்தது என்று கவுண்டர் கேட்கவில்லை.

கிளம்பும் சமயத்தில் பாவாயி அம்மாள் ஒரு சந்தேகம் கேட்டார். "குத்துன மூக்கு தூந்து போகாதுங்களா சாமி?"

பெரிய கண்டத்திலிருந்து தப்பின சந்தோஷத்தில் சாயபு யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டார். "ஓட்டிக்கிட்டே இருந்தாத் தூராதுங்க ஆத்தா."

வண்டி புளியமரத்தைத் தாண்டிற்று. கிழக்கே புழுதி எழுந்து, தேய்ந்து, மறைகிற வரை சாயபு ரஸ்தாவின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தொப்பியில் திருகாணிகள் கலகலத்தன.

திரும்பி வந்தபோது கவுண்டரே கதையைச் சொன்னார். ஊர் எல்லையில் காளியண்ணன் கயிறும் காளையுமாகத் தயாராக நின்றாராம். நிற்காமல் வந்த வண்டிச் சத்தத்தில் காளைகள் இரண்டும் மிரண்டு, கயிற்றோடு அவரையும் இழுத்துக்கொண்டு மஞ்சள் காட்டுக்குள் ஓடிவிட்டனவாம். புண்ணியார்ச்சனை வீட்டில் அன்று இரவு முழுவதும் காளைகளைத் தேடினார்களாம். இப்போது கல்யாண வீடுகளில் கதை சொல்கிறவர் சென்னியப்பக் கவுண்டர்தான். சாயபு போர்டின் முதல் வார்த்தைக்குப் புது வர்ணம் பூசினார்.

இந்தத் தையும் பிறந்தது. போன வாரம் கொட்டகையில் என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். காளைகள் இழுக்க மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தொட்டிலில் பாவாயி அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதைத்தால் கிளம்புகிறது, வாய்க்கால் மேட்டைத் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது என்றார் கவுண்டர். இந்தத் தடவை பொட்டைச் சொல்ல முடியாது, எல்லாம் நெற்றியில்தான் வைத்திருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். பார்த்தேன், விளக்குக்கு மேலே, ஹாண்டில் நடுவில், சந்தனமும் குங்குமமும் அழகாக இருந்தன. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

"மூக்க நானே பாத்துக்கிட்டனுங்க சாமி" என்றார் பாவாயி அம்மாள். "மூணு மாசம் ஓட்டாம இருந்தா தூந்து போயிருமில்லீங்களா?"

சாயபு முகர்ந்தார். "ம்" என்றார். குனிந்து மூடியைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மூக்குக் குத்திய பெண் குழந்தைக்குத் துளை தூராமலிருக்கச் செருகுவார்களே, அதே மாதிரி வேப்ப ஈர்க்கு ஒன்று, மஞ்சள் தொட்டு, நுனியை ஒட்ட நறுக்கி, துளையில் கச்சிதமாகச் செருகியிருந்தது. வண்டியை வெளியே எடுக்கும்போது அதைப் பிடுங்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

"என்னங்க சாயபு, என்ன கோளாறு?" என்றார் கவுண்டர்.

சாயபு இடது கையால் மூடியை மறைத்துக்கொண்டு, வலது கை நகத்தால் ஈர்க்கைப் பிடுங்கினார். "மழை செஞ்ச வேலைங்க" என்றார். தலையைச் சொறிகிறவர் மாதிரி கையைத் தூக்கி, அதைத் தொப்பி மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.